படி ஏறியவன் பிழைத்தான்!

விளையாட்டு மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறது எனச் சொன்னால், கேட்பவர் கண்முன் தோன்றும் காட்சி என்ன? பச்சைப் பசேலெனப் பரந்த ஆடுகளம். பல்லாயிரவர் எழுப்பும் ஆரவாரம். பந்தைத் துரத்திப் பாய்ந்த வீரன் கால் மடங்கி வீழ்கிறான். ஆரவாரம் அடங்குகிறது. பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடோடி வருகிறார், முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். மறுநாள் ஏடுகளிலே அந்த முழங்காலைப் பற்றி முழுப் பக்கச் செய்தி! கோடி கொடுத்து வாங்கிய கால் அல்லவா!

"இது சீமான்கள் சமாச்சாரம் ஐயா! விடிந்தால் ஆலைச் சங்கு, அந்தி சாய்ந்தால் அலுத்த உடம்பு என்று காலந்தள்ளும் நமக்கும் இதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று உழைக்கும் தோழர் கேட்கக்கூடும். அதோடு நிற்கமாட்டார். "மூட்டை தூக்குகிறேன், மண் சுமக்கிறேன், நாள் முழுதும் நிற்கிறேன், குனிகிறேன், நிமிர்கிறேன். இதைவிடவா உடற்பயிற்சி? இதை எனக்குச் சொல்லித்தர எம்.டி. படித்த டாக்டர் ஒருவர் வேண்டுமா?" என்றும் கேட்பார்.

கேட்க வேண்டிய கேள்விதான். கேலிக்காகக் கேட்டாலும் கருத்துள்ள கேள்வி. அதற்கு விடை தேடிப் புறப்பட்டால் வியப்பான ஒரு செய்தி நமக்குக் கிடைக்கிறது. இந்த மருத்துவத்துக்கு அடிக்கல் நாட்டியவன் ஆட்டக்காரனுமல்ல, அரண்மனைப் பிள்ளையுமல்ல. லண்டன் மாநகரத்து மாடிப் பேருந்திலே தோளிலே பையும் கையிலே டிக்கெட்டுமாகப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்! பாட்டாளியின் உடம்பிலே படித்த பாடம், பணக்காரனின் முழங்காலுக்குப் பணியாற்றப் போய்விட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பெயரிலே இரண்டு பாதி

விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவம் என்பதே இத்துறையின் முழுப் பெயர். பெயரிலேயே இரண்டு பாதி இருக்கிறது, கவனியுங்கள். முதற் பாதிக்கு வயது அதிகம், புகழும் அதிகம். 1928ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் செயின்ட் மோரிட்ஸ் நகரிலே குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, அங்கு கூடிய மருத்துவர்கள் இத்துறைக்கென உலகச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அன்று தொட்டு, ஓடுகிறவன், தாவுகிறவன், மல்லுக்கட்டுகிறவன் உடம்பை ஆராயும் கலை வளர்ந்து வந்திருக்கிறது.

அந்த முதற் பாதியை நாம் இகழவில்லை. இகழக்கூடாது. 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகன் நகரிலே டென்மார்க் நாட்டு வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், பின்லாந்தோடு நடந்த கால்பந்து ஆட்டத்தின் நடுவே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள் மருத்துவர்கள். மறு ஆண்டே அவர் மீண்டும் பந்தாடினார். நாட்டுக்கு நாடு தோழர்கள் தொலைக்காட்சியிலே கண்டு கண்கலங்கிய காட்சி அது.

இத்தாலி நாட்டிலே 1982 முதல், போட்டி விளையாட்டிலே இறங்குகிறவர் இதயப் பரிசோதனை செய்து சான்று பெற்றாக வேண்டும் என்று முறை வகுத்தார்கள். என்ன பலன்? அந்நாட்டின் வெனிட்டோ வட்டாரத்திலே இளம் ஆட்டக்காரர்களிடையே ஒரு லட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 3.6 ஆக இருந்த திடீர் இதயச் சாவு, 2004க்குள் 0.4 ஆக இறங்கியது. பரிசோதனை வந்தது, பாடை குறைந்தது! இதைவிட என்ன சான்று வேண்டும் அந்த மருத்துவத்தின் மாண்புக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருத்துவர் கத்தி பிடிக்கும் அறுவை நிபுணர் அல்லர். அறுக்காமலே தீர்க்க முடிந்ததைத் தீர்ப்பவர். அறுவை தேவையென்றால் உரியவரிடம் அனுப்புபவர். தசை கிழிந்தவன் எத்தனை நாளில் நடக்கலாம், எத்தனை வாரத்தில் ஓடலாம், தலையிலே அடிபட்டவன் மறுபடியும் களத்திலே இறங்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்பவர். குழு முதலாளி "இறக்கு" என்பார். பயிற்சியாளர் "இறக்கு" என்பார். ஆடுகிறவனே "இறங்குகிறேன்" என்பான். "கூடாது" என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும். சம்பளம் கொடுப்பவனுக்கு அவர் பணியாளரா, நோயாளிக்குத் துணைவரா? ஆலையிலே பணியாற்றும் மருத்துவரைப் பார்த்தும் நாம் கேட்கிற கேள்வி இது. களத்திலும் அதே கேள்வி, ஆலையிலும் அதே கேள்வி!

சரி, பெயரின் மறு பாதி? உடற்பயிற்சி மருத்துவம்? அதற்குக் கூட்டமில்லை, கொட்டுமுழக்கமில்லை. ஆனால் கோடானுகோடி மக்களுக்கு வேண்டியது அதுதான். அது பிறந்த இடத்துக்குப் போவோம், வாருங்கள்.

மாடிப் பேருந்தின் மர்மம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். பிரிட்டனிலே ஒரு புது வகைச் சாவு பரவிக்கொண்டிருந்தது. காலரா அல்ல, காசநோய் அல்ல. நேற்றுவரை நன்றாக நடமாடிய நடுவயது மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான், போய்விடுகிறான். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை ஏறுகிறது. காரணம் என்ன? கொழுப்பு என்றார் ஒருவர், கவலை என்றார் மற்றொருவர். கண்டவர் யாருமில்லை.

ஜெர்ரி மாரிஸ் என்றொரு மருத்துவர். 1910இல் பிறந்தவர், கிளாஸ்கோ நகரிலே வளர்ந்தவர். அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த சமூக மருத்துவப் பிரிவிலே இருந்தவர். அவர் இந்த மர்மத்துக்கு விடை காண எங்கே போனார் தெரியுமா? சோதனைக் கூடத்துக்கு அல்ல. எலியை அறுக்கவில்லை, முயலை ஆராயவில்லை. தொழிலாளர் செய்கிற வேலைக்கும் அவர்களுக்கு வருகிற நோய்க்கும் தொடர்புண்டா என்று பார்க்கப் புறப்பட்டு, லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டினார்.

லண்டனின் சிவப்பு நிற மாடிப் பேருந்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதிலே அந்நாளில் இரண்டு தொழிலாளர். ஒருவர் முன்னாலே சக்கரத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் டிரைவர். மற்றவர் கீழ்த்தட்டும் மேல்தட்டுமாக அலைந்து டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர். இருவரும் ஒரே வண்டியிலே போகிறார்கள், ஒரே புகையைச் சுவாசிக்கிறார்கள். இருவரும் உழைக்கும் இனம். ஒரே தெருவிலே குடியிருப்பவர்கள், ஏறத்தாழ ஒரே வகை வாழ்வு நடத்துபவர்கள். வேற்றுமை ஒன்றே ஒன்று. டிரைவர் தன் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார்!

இயற்கையே ஏற்பாடு செய்துவைத்த தராசு! ஒரு தட்டிலே உட்கார்ந்தவன், மறு தட்டிலே ஏறி இறங்கியவன். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் பதிவுகளை 1949, 1950ஆம் ஆண்டுகளுக்கு ஆராய்ந்தனர் மாரிசும் அவர் தோழர்களும். கண்டதென்ன? டிரைவர்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு 2.7 பேருக்கு இதய நோய். கண்டக்டர்களில் 1.9 பேருக்கு. நோய் கண்ட தொடக்கத்திலேயே உயிர் துறந்தோர் விகிதமோ டிரைவர்களில் இருந்ததில் கண்டக்டர்களிடம் ஏறத்தாழப் பாதி. ஏறிய படி ஒவ்வொன்றும் எமனைத் தள்ளிவைத்த படியாக இருந்திருக்கிறது!

ஒரு கணக்கைக் கண்டதும் துள்ளிக் குதிக்கிறவர் அல்லர் மாரிஸ். டிரைவருக்கு நெரிசலிலே வண்டி ஓட்டும் மனக்கவலை இருக்கிறதே, அதனால் வந்த வினையோ என்று ஐயம். உடனே தபால் இலாகாவுக்குத் திரும்பினார். அங்கே நடந்தும் சைக்கிளிலும் வீடுவீடாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரர் ஒரு பக்கம். நாற்காலியிலே அமர்ந்த எழுத்தரும் தொலைபேசி இணைப்புத் தருவோரும் மறு பக்கம். அங்கும் அதே தீர்ப்பு! நடந்தவனிடம் நோய் தோற்றது. அமர்ந்தவனிடம் அது வென்றது.

1953ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ ஏட்டிலே இந்த ஆய்வு வெளிவந்தது. மருத்துவ உலகம் மகிழ்ந்து மாலை சூட்டியிருக்கும் என்கிறீர்களா? நம்ப மறுத்தார்கள் பலர். இதய நோய்க்கும் படிக்கட்டுக்கும் என்ன உறவு என்று ஏளனம் செய்தார்கள். புதுமையைக் கண்டால் முதலில் புருவத்தை நெரிப்பது பெரிய மனிதர் பழக்கம் எங்கும் உண்டு போலும்!

கால்சட்டை சொன்ன சாட்சி

எதிர்ப்பாளர் எழுப்பிய தடைகளில் ஒன்று வலுவானது. அதையும் சொல்வதுதான் நேர்மை. "படி ஏறியதால் கண்டக்டர் நலமாக இருக்கிறார் என்கிறீரே, ஒருவேளை உடல் பருத்தவர்களே டிரைவர் வேலைக்கும், ஒல்லியானவர்களே கண்டக்டர் வேலைக்கும் போயிருந்தால்?" என்பதே அது.

மாரிஸ் அதை ஒதுக்கவில்லை. எங்கே தேடினார் விடையை? சீருடைக் கணக்கிலே! கழகம் தொழிலாளருக்குத் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவு முழுவதும் ஏட்டிலே பதிவாகி இருந்தது. டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பைவிடப் பெரியது. இளம் வயதிலேயே அந்த வேற்றுமை இருந்தது. தையற்காரன் எடுத்த அளவு மருத்துவச் சாட்சியாக மாறிய விந்தை அது! 1956இல் அதையும் மறைக்காமல் அதே ஏட்டிலே வெளியிட்டார். தம் முடிவுக்கு இடையூறாக நிற்கும் உண்மையையும் தாமே எடுத்துக் காட்டுபவர்தான் ஆராய்ச்சியாளர், மற்றவரெல்லாம் ஆரூடக்காரர்!

அப்படியானால் அசைவுக்கு மதிப்பில்லையா? அதற்குத்தான் அவர் மேலும் பல ஆண்டுகள் உழைத்தார். ஒரே வகையான நாற்காலி வேலை பார்க்கும் அரசு அலுவலர் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவரை 1968 முதல் கேட்டுப் பதிவு செய்தார். ஓய்வு நேரத்திலே என்ன செய்கிறீர் என்று. எல்லோருக்கும் வேலை ஒன்று, வேற்றுமை ஓய்வு நேரத்தில் மட்டும். நீந்தியவர், வேகமாக நடந்தவர், தோட்டத்திலே மண்வெட்டி பிடித்தவர் ஆகியோரிடம் மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 1973இல் அந்த முடிவு வெளிவந்தது.

கடல் கடந்தும் சாட்சி கிடைத்தது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திலே கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர். அவர்களுடைய தொழிற்சங்கம் 1951இலேயே தன் உறுப்பினருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தியது. ரால்ப் பாபன்பர்கர் என்ற மருத்துவர் அவர்களில் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார். கடும் உழைப்புப் பிரிவில் இருந்தவர்களிடம் இதய நோய்ச் சாவு, இலேசான வேலை பார்த்தவர்களிடம் இருந்ததைவிட ஏறத்தாழப் பாதி! சங்கம் நடத்திய பரிசோதனை உலகுக்கே பாடமாயிற்று. சங்கம் என்றால் சம்பளப் பேரம் மட்டுந்தான் என்று எண்ணுவோர் இந்தச் சான்றைக் காண வேண்டும்.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது, விளையாட்டு அறிவியலுக்கென ஒலிம்பிக் குழு ஏற்படுத்திய முதற் பரிசை மாரிசும் பாபன்பர்கரும் பகிர்ந்துகொண்டனர். யாரை ஆராய்ந்ததால் கிடைத்த பரிசு? பேருந்துத் தொழிலாளியை, துறைமுகத் தொழிலாளியை! பரிசு மேடையிலே அவர்கள் பெயரை யார் நினைத்தார்கள்? நாமாவது நினைப்போம். மாரிஸ் 2009 வரை வாழ்ந்தார், 99 வயது. நடையும் நீச்சலுமாக வாழ்ந்து, தொண்ணூறைக் கடந்த பின்னும் தம் அலுவலகம் போய்வந்த அந்த முதியவர், தாம் சொன்னதற்குத் தாமே சான்றாக நின்றார்.

படுக்கையிலிருந்து எழுப்பிய மருத்துவம்

அந்நாளைய மருத்துவத்தின் பொது மந்திரம் "படு" என்பது. மாரடைப்பா? வாரக்கணக்கிலே படு. முதுகுவலியா? படு. மூட்டு நோவா? அசையாதே. 1952இல் அமெரிக்காவிலே லெவின், லான் என்ற இரு மருத்துவர்கள் மாரடைப்பு வந்தவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியிலே உட்கார வைத்தனர். உட்கார வைத்ததே அன்று பெரும் புரட்சி!

இன்று? மாரடைப்பு கண்டு மீண்டவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்களிலேயே நடை தொடங்குகிறது. முழங்கால் தேய்ந்தவருக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முதல் சிகிச்சையாகிறது. நீரிழிவுக்காரருக்கும், இரத்தக் கொதிப்புக்காரருக்கும், மனச்சோர்வு பிடித்தவருக்கும் பயிற்சி ஒரு மருந்து. உவமைக்குச் சொல்லவில்லை, மருந்து என்றே சொல்கிறோம். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. பழகிய இதயம் குறைந்த துடிப்பிலே நிறைந்த வேலை செய்கிறது. இரத்தக் குழாய்கள் இளகி விரிகின்றன. மருந்துக்கு அளவு உண்டல்லவா? இதற்கும் உண்டு. எந்தப் பயிற்சி, எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை நாள், யாருக்கு ஆகாது — இதையெல்லாம் அறிந்து எழுதித் தருபவர்தான் உடற்பயிற்சி மருத்துவர். "நன்றாக நடங்கள்" என்று நாலு சொல் சொல்லி அனுப்புவது வாழ்த்து. அளவோடு எழுதித் தருவது வைத்தியம்.

2005இலே ஒரு வரவும் ஒரு செலவும்

பிரிட்டன் அரசு இத்துறையைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றுக்கொண்ட ஆண்டு 2005. 2012 ஒலிம்பிக் லண்டனுக்குக் கிடைத்ததும் அதே ஆண்டு. மறு ஆண்டே இதற்கெனத் தனி மருத்துவர் பீடம் நிறுவப்பட்டது. ஆஸ்திரேலியாவிலே 2009இல் தனித்துறை என்ற தகுதி கிட்டியது. மருத்துவப் பட்டம் பெற்று, பொதுப் பயிற்சி முடித்து, அதற்கு மேலும் சில ஆண்டுகள் இதற்கென்றே கற்றவர்தான் பிரிட்டனில் இத்துறை நிபுணராக முடியும்.

அதே 2005ஆம் ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். டிசம்பர் மாதம், 159ஆம் எண் தடத்திலே ஓடிய பழைய ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்து லண்டன் மக்களிடம் விடைபெற்றது. சில மரபுத் தடங்கள் தவிர, பேருந்தோடு கண்டக்டரும் போனார்! டிரைவரே டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளும் வண்டிகள் வந்துவிட்டன. எந்தத் தொழிலாளி ஏறிய படியிலிருந்து ஒரு மருத்துவம் பிறந்ததோ, அந்த மருத்துவம் பட்டம் சூட்டிக்கொண்ட ஆண்டிலேயே, அந்தத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்தவர் மிஞ்சினார், ஏறியவர் மறைந்தார். வரலாறு சில வேளைகளில் நாடகாசிரியனையும் மிஞ்சிவிடுகிறது!

ஆயினும் நல்ல செய்தியும் உண்டு. லண்டன் ஒலிம்பிக்கின் பயனாக அமைந்த தேசிய விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவ மையத்தின் ஒரு கிளை ஷெபீல்டு நகரிலே இருக்கிறது. எஃகு உருக்கிய உழைப்பாளர் ஊர் அது. அங்கே மருத்துவ அறைகளை நகரத்துப் பொது விளையாட்டுக் கூடங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். முதுகுவலியோடு வருகிறவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நாலு அடியிலே நீச்சல் குளம், பயிற்சிக் கூடம். மருத்துவமும் மைதானமும் ஒரே கூரையின் கீழ்! வீரனுக்காக எழுந்த விழாவின் பயன் வீதியிலே நடப்பவனுக்கும் வந்து சேர்ந்ததற்கு இது எடுத்துக்காட்டு.

நம் நாட்டிலே? பாட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010இல் விளையாட்டுக் காய மையம் திறக்கப்பட்டது. எம்.டி. படிப்பும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் பெயர்களைக் கவனியுங்கள்: விளையாட்டு, விளையாட்டு, காயம்! மறு பாதி எங்கே? உடற்பயிற்சியை மருந்தாகத் தரும் பாதி எங்கே?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இப்போது தொடக்கத்திலே தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். "நாள் முழுதும் உழைக்கிறேனே, அது போதாதா?"

மாரிஸ் ஆய்வைக் கேட்டவர்கள் "போதும்" என்றே சொல்லத் தோன்றும். ஆனால் இந்நூற்றாண்டின் ஆய்வுகள் ஒரு புதிரை எழுப்பியிருக்கின்றன. 2018இல், 1,93,696 பேரைப் பற்றிய பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையிலே கடும் உடலுழைப்புள்ள ஆண்கள், இலேசான உடலுழைப்புள்ள ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது! ஓய்வு நேரத்தில் ஓடினால் ஆயுள் கூடுகிறது. வேலையிலே ஓடினால் குறைகிறதா? 2021இல் நார்வே நாட்டிலிருந்து வந்த பெரிய ஆய்வு இதற்கு மாறாக, உடலுழைப்பால் ஆண்களின் ஆயுள் கூடுகிறது என்றது. வறுமை, புகை, கூலிக் குறைவு ஆகியவை இந்தக் கணக்கிலே எவ்வளவு கலந்திருக்கின்றன என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

வாதம் முடியட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை எந்தத் தொழிலாளியின் முதுகும் சொல்லும். பயிற்சி செய்பவன் அரை மணி நேரம் நெஞ்சு படபடக்க ஓடுகிறான். பிறகு நிறுத்துகிறான், இளைப்பாறுகிறான், நீர் அருந்துகிறான். வேண்டியபோது தொடங்கி, வேண்டியபோது முடிப்பது அவன் உரிமை. சுமை தூக்குபவனோ எட்டு மணி, பத்து மணி நேரம் தூக்குகிறான். நிறுத்தும் உரிமை அவனுக்கு இல்லை. இதயத்தை வலுவாக்கும் வேகம் அந்த வேலையிலே இல்லை. இதயத்தைத் தேய்க்கும் நீளம் இருக்கிறது. கனத்தைத் தூக்கும் போதும், ஒரே நிலையிலே குனிந்து நிற்கும் போதும் இரத்த அழுத்தம் ஏறுகிறது; வேலை முடிந்த பிறகும் அது எளிதில் இறங்குவதில்லை. மறுநாள் சங்கு ஊதுமுன் உடம்பு மீள்வதற்கு நேரமுமில்லை.

ஒரே அசைவுதான். ஓய்வோடு சேர்ந்தால் மருந்து, ஓய்வில்லாவிட்டால் நஞ்சு! "அவன் தான் நாள் முழுதும் உழைக்கிறானே, அவனுக்கெதற்குப் பயிற்சி, அவனுக்கெதற்கு ஓய்வு" என்று எவனாவது சொன்னால், அது மருத்துவமல்ல, முதலாளியின் வழக்குரை. எட்டு மணி நேர வேலைக்கும், இடைவேளைக்கும், வார விடுமுறைக்கும் போராடிய தொழிலாளர், தமக்குத் தெரியாமலே இதய மருத்துவத்துக்காகவும் போராடியிருக்கிறார்கள். ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஓய்வு நாள் எண்ணித் தரும் அந்த மருத்துவர், மூட்டைக்காரனுக்கும் ஓய்வு மணி எண்ணித் தரட்டும் என்று கேட்பது தவறா?

நாம் கேட்பதும், நாம் செய்வதும்

ஆகவே தோழர்களே, இந்த மருத்துவம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். நம்முடையது என்று உரிமை கொண்டாடுங்கள். அரசைக் கேட்போம்: மாவட்ட மருத்துவமனைதோறும் இத்துறைக்கு ஓர் அறை வேண்டும், அங்கே சாம்பியனுக்கு மட்டுமல்ல, சாக்குத் தூக்கி முதுகு நொந்தவருக்கும், சக்கரம் பிடித்து இடுப்பு இறுகிய ஓட்டுநருக்கும், தையல் இயந்திரத்தின் முன் கழுத்து வளைந்த சகோதரிக்கும் சிகிச்சை வேண்டும். ஆலை நிர்வாகத்தைக் கேட்போம்: சுமைக்கு வரம்பு, வேலைக்கு இடைவேளை, அமர்ந்தே வேலை செய்வோருக்கு எழுந்து நடக்க நேரம். நகராட்சியைக் கேட்போம்: நடக்க நடைபாதை, ஆட மைதானம். இடம் தராமல் "நட" என்பது, சோறு போடாமல் "சாப்பிடு" என்பது போல.

கேட்பதோடு கடமை முடியவில்லை. நாமும் செய்ய வேண்டியது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி; அதோடு வாரம் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி. 150 நிமிடம் என்றால் என்ன? ஐந்து நாள், நாளுக்கு அரை மணி விரைந்த நடை. பேசிக்கொண்டு நடக்கலாம், பாடிக்கொண்டு நடக்க முடியாது — அந்த வேகம் போதும். காசு வேண்டாம், கருவி வேண்டாம், கழக உறுப்பினர் சீட்டும் வேண்டாம்! நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ, அப்படியே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல. நெடுநாள் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

அன்று லண்டன் பேருந்திலே படி ஏறிய கண்டக்டருக்குத் தான் ஒரு மருத்துவத்துக்கு அடிக்கல் நாட்டுகிறோம் என்பது தெரியாது. டிக்கெட் கொடுத்தான், சில்லறை எண்ணினான், படி ஏறினான். அவன் உடம்பு தந்த உண்மையைக் கொண்டு ஒரு துறை எழுந்தது, பட்டங்கள் பிறந்தன, பரிசுகள் வழங்கப்பட்டன. அந்தக் கடனை அந்தத் துறை இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. ஆடுகளத்தின் வாயிலிலே நிற்கும் அந்த மருத்துவம் ஆலையின் வாயிலுக்கும் வரட்டும். பாட்டாளி தந்த பாடம் பாட்டாளிக்கே பயன்படும் நாள்தான், அந்தக் கடன் தீரும் நாள்!